ஐஓஎஸ் 26: ஐபோன் 11, 12, 13 வைத்திருப்பவர்கள் போடலாமா, 18-லேயே நிற்கலாமா?

#1 பொன்வண்டு

ஐபோனை இயக்கும் மென்பொருளில் 18-க்கு அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 26, 2025 செப்டம்பர் 15 அன்று வந்தது. நவம்பர் 3-ல் 26.1, டிசம்பர் 12-ல் 26.2. முதல் வாரக் கூச்சல் அடங்கிவிட்டது, இப்போது நிதானமாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். 17 வரிசை போன்களில் 26 போட்டேதான் வருகிறது, அங்கே கேள்வியே இல்லை. பழைய போன்களுக்குத்தான் கேள்வி.

பேச ஒரு போனை முன்னால் வைத்துக்கொள்வோம்: ஐபோன் 12, 128 ஜிபி, 22 ஜிபி காலி, பேட்டரி ஹெல்த் 79%, இப்போது 18.7.2. இதில் 26.2 போட்டால் சார்ஜ் எவ்வளவு அடிபடும்? லிக்விட் கிளாஸ் என்கிற கண்ணாடித் தோற்றத்தில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா? பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? எந்தெந்த செட்டிங் என்று பாதையோடு எழுதினால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

#2 தச்சன்

முதலில் பட்டியல் விஷயம். எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ், எக்ஸ்ஆர் மூன்றுக்கும் 26 கிடையாது. 11 முதல் எல்லாவற்றுக்கும், எஸ்இ இரண்டாம் தலைமுறை முதலும் உண்டு. ஆனால் "உண்டு" என்பதும் "நன்றாக ஓடும்" என்பதும் ஒன்றல்ல. எஸ்இ 2-ல் ராம் 3 ஜிபிதான். 11, 12, 13 மூன்றிலும் 4 ஜிபி. 26-ல் இரண்டு மூன்று ஆப் மாற்றி மாற்றித் திறந்தால் முதலில் திறந்தது மறுபடி ஆரம்பத்திலிருந்து லோடு ஆகும். எஸ்இ 2-ல் இது கண்கூடாகத் தெரியும், 13-ல் அவ்வளவாக உறுத்தாது.

இப்போது அந்த ஐபோன் 12. புதிதாக இருந்தபோது பேட்டரி 2815 எம்ஏஎச். 79% என்றால் மிஞ்சி இருப்பது ஏறத்தாழ 2220. எந்த ஐஓஎஸ் போட்டாலும் அந்த 2220-க்குள்தான் குடித்தனம். ஐபோன் 14 வரைக்கும் உள்ள பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றில் 80% நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிளே சொல்கிறது (15 முதல் அது 1000 சுற்று). ஆக இந்த பேட்டரி தன் காலத்தை முடித்துவிட்டது.

அளவு குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. பேட்டரி பழசாக ஆக உள்தடை கூடும். சிப் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுக்கும்போது வோல்டேஜ் சரியும். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது சரிந்தால் போன் பொத்தென்று அணைந்துவிடும். அப்படி ஒருமுறை அணைந்தால் அடுத்து ஐஓஎஸ் சிப்பின் உச்ச வேகத்தைக் கட்டிப்போடும். அதன் பிறகு எல்லாமே மந்தமாகும், பழி அப்டேட் மேல் விழும். செட்டிங்ஸ் → பேட்டரி → பேட்டரி ஹெல்த் திறந்து, எதிர்பாராத ஷட்டவுன் நடந்தது, செயல்திறன் மேலாண்மை போடப்பட்டிருக்கிறது என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அப்டேட்டைப் பற்றி யோசிக்கும் முன் பேட்டரியை மாற்றுங்கள்.

என் தீர்ப்பு: 13-ம் அதற்கு மேலும் தாராளமாகப் போடலாம். 12, பேட்டரி 85-க்கு மேல் இருந்தால் போடலாம். 11 என்றால் பேட்டரி மாற்றிய பிறகு. எஸ்இ 2-க்கு நான் சொல்ல மாட்டேன்.

#3 மின்மினி

எல்லாரும் கண்ணாடியையே பேசிக்கிட்டு இருக்கோம். தினமும் கைக்கு உதவுற சின்னச் சின்ன விஷயம் நிறைய வந்திருக்கு, அதையும் சேர்த்துத்தான் எடை போடணும்.

ரிங்டோன். இத்தனை வருஷமா கராஜ்பேண்ட்ங்கிற இசை ஆப்பைத் திறந்து மல்லுக்கட்டணும். இப்ப ஃபைல்ஸ் ஆப்ல 30 செகண்டுக்குள்ள இருக்கிற எம்பி3-யையோ எம்4ஏ-வையோ அழுத்திப் பிடிச்சு, ஷேர் போய், "யூஸ் ஆஸ் ரிங்டோன்" கொடுத்தா முடிஞ்சது. 30 செகண்டுக்கு மேல இருந்தா வெட்டிட்டுத்தான் வரணும்.

அலாரம் ஸ்னூஸ் 9 நிமிஷம்னு இருந்த கட்டாயம் போயிடுச்சு, 1-லேர்ந்து 15 வரைக்கும் நீங்களே வைக்கலாம். 26.1-க்கு அப்புறம் அலாரத்தை நிறுத்த இழுக்கணும், தூக்கக் கலக்கத்துல தட்டி நிறுத்துற ஆபத்து இல்லை.

லாக் ஸ்கிரீன்ல கை பட்டு கேமரா திறக்கிற தொல்லைக்கும் 26.1-ல வழி வந்தாச்சு: செட்டிங்ஸ் → கேமரா, அங்க லாக் ஸ்கிரீன் ஸ்வைப்பை அணைச்சிடுங்க.

சார்ஜ் போட்டா 80% ஆக எவ்வளவு நேரம், முழுசா ஆக எவ்வளவு நேரம்னு காட்டுது. பிரிவ்யூ ஆப் போன்லயே வந்திடுச்சு, பிடிஎஃப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேற ஆப் தேவையில்லை.

பிடிக்காதவை: சஃபாரியில டேப் மாத்த ஒரு தட்டு கூடுது. செட்டிங்ஸ் → ஆப்ஸ் → சஃபாரி போய் டேப்ஸ்ல காம்பாக்டை விட்டுட்டு பாட்டம் வைங்க, பழையபடி ஆயிடும். போன் ஆப்ல எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வச்ச தோற்றம் பிடிக்கலைன்னா மேல வலது மூலையில இருக்கிற கோடு கோடா ஐகானைத் தட்டி கிளாசிக் தேர்ந்தெடுங்க. கேமரால போட்டோ, வீடியோ ரெண்டுதான் கண்ணுக்குத் தெரியும், மத்ததுக்கு அந்தப் பட்டையை இழுக்கணும்.

#4 எழுத்தாணி

தமிழ் எழுத்து தெரிகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைத் தனியாகப் பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது.

லத்தீன் எழுத்தில் ஓர் எழுத்தின் கீழ்ப்பாதி மங்கினாலும் சொல்லைப் பிடித்துவிடலாம். தமிழில் பொருளைத் தாங்குவது பல இடங்களில் ஒரு புள்ளி, ஒரு சுழி. க-வுக்கும் க்-குக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு புள்ளி. எ, ஏ இரண்டையும் பிரிப்பது கீழே ஒரு சிறு இழுப்பு. கொ, கோ என்பதில் கொம்பின் தலையில் ஒரு சுழி. பின்னால் வெளிச்சமான படம் இருந்து, முன்னால் வெள்ளை எழுத்து கண்ணாடிமேல் மிதந்தால் முதலில் காணாமல் போவது இவைதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: மல்லிகைப் பூக்கூடை மாதிரி வெள்ளையும் பச்சையும் பொடிப்பொடியாக இறைந்த படத்தை லாக் ஸ்கிரீனில் வையுங்கள். ஒரு தமிழ்ச் செய்தி வரட்டும். "பணம் கட்டவில்லை" என்பதில் ட்ட-வின் மெய்ப்புள்ளி பூவின் வெண்மையில் கரைந்துவிடும், கண் அதை ஊகித்துப் படிக்கும். ஒரு வரிக்குப் பரவாயில்லை. வரிசையாக ஆறு அறிவிப்பு என்றால் கண் வலிக்கும். 26.0-வில் இருந்த குறை இதுதான், ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டது போல 26.1-ல் ஒரு சுவிட்ச் கொடுத்தது.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் → லிக்விட் கிளாஸ் → டின்டெட். கண்ணாடி கொஞ்சம் பால் கலந்தாற்போல ஆகும். பலருக்கு இதுவே போதும்.

போதவில்லை என்றால் செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் → ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி. இது டின்டெட்டைவிடக் கடுமையானது. பின்புலம் ஏறக்குறைய முழுசாக அடைபட்டுவிடும், தமிழ் அறிவிப்புகள் பளிச்சென்று தெரியும். அழகு குறையும், கீழே ஐகான் வரிசை இருக்கும் பட்டை சாம்பல் நிறமாகும். அதே பக்கத்தில் இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட் போட்டால் பொத்தான்களைச் சுற்றிக் கோடு வரும், எது பொத்தான் எது வெறும் எழுத்து என்று குழப்பம் இருக்காது. வயதானவர்கள் போனில் இரண்டையும் சேர்த்தே போட்டுக் கொடுங்கள்.

போல்டு டெக்ஸ்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்துக்கு நல்லது. தமிழில் சிறிய அளவில் ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும், இ-யும் அப்படியே. போல்டு போட்டால் எழுத்தளவையும் ஒரு படி ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வேறு தொல்லை: தமிழ்ச் சொற்கள் நீளம், பொத்தானுக்குள் அடங்காமல் மூன்று புள்ளியோடு வெட்டப்படும்.

எல்லா ஆப்களுக்கும் வேண்டாம், ஒரே ஓர் ஆப்பில்தான் தொல்லை என்றால் ஆக்சஸிபிலிட்டி → பெர்-ஆப் செட்டிங்ஸ் → ஆட் ஆப். அந்த ஆப்புக்கு மட்டும் கான்ட்ராஸ்ட், டிரான்ஸ்பரன்சி, எழுத்தளவு எல்லாம் தனியாக வைக்கலாம். நிறையப் பேருக்கு இது இருப்பதே தெரியாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன் முழுவதும் தமிழில் வேண்டும் என்பவர்கள் 26-க்குக் காத்திருக்கத் தேவையில்லை. சிஸ்டம் மொழியாகத் தமிழ் 18.4-லேயே, 2025 மார்ச் கடைசியில், வந்துவிட்டது. அந்த வகையில் நமக்குப் பெரிய அப்டேட் 18.4 என்பேன். 26-ல் தமிழுக்கென்று அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

#5 சுக்கான்

எழுத்தாணி கடைசியாகச் சொன்னதைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதுதானே கேள்வி? 2024 ஜூனில் நம் மின்னஞ்சல், செய்தி, நாள்காட்டி எல்லாம் புரிந்து பதில் சொல்லும்படி குரல் உதவியாளர் சிரி வரும் என்றார்கள். 2025 மார்ச்சில் தாமதமாகும் என்றார்கள். 26.2 வரை வரவில்லை. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் லைவ் டிரான்ஸ்லேஷன் வந்தது, அதில் தமிழ் இல்லை, அதற்கு 15 ப்ரோவோ அதற்கு மேலோ வேண்டும். பேட்டரியைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் அடாப்டிவ் பவர் வந்தது, அதுவும் 15 ப்ரோ முதல்தான். ஆக மெத்தச் சிக்கனம் தேவைப்படுகிற பழைய போனுக்கு அந்தச் சிக்கன வசதி கிடையாது, செலவு வைக்கும் கண்ணாடி மட்டும் உண்டு.

11, 12 வைத்திருப்பவருக்கு 26-ல் என்ன மிச்சம்? ரிங்டோன், ஸ்னூஸ், தெரியாத எண் அழைப்புகளுக்கு ஒரு கால் வடிகட்டி. இதற்காக நன்றாக ஓடுகிற போனைக் கலைக்க வேண்டுமா? என் ஓட்டு 18-க்கு.

#6 தச்சன்

சுக்கான் சொன்ன ஏமாற்றங்கள் எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 18-ல் நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

26.2-வோடு வந்த பாதுகாப்புக் குறிப்பைப் படியுங்கள். வெப்கிட்டில் இரண்டு ஓட்டைகள் அடைக்கப்பட்டன. வெப்கிட் என்பது சஃபாரி மட்டுமல்ல, எந்த ஆப்புக்குள் இணையப் பக்கம் திறந்தாலும் பெரும்பாலும் அதுதான் வேலை செய்கிறது. 26-க்கு முந்தைய பதிப்புகளில் குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்து அந்த ஓட்டைகள் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. 18 வரிசையில் அதற்கான ஒட்டு 18.7.3. உங்கள் போனில் செட்டிங்ஸ் → ஜெனரல் → சாஃப்ட்வேர் அப்டேட் திறந்து பாருங்கள். அங்கே 18.7.3-ஓ அதற்கு மேலோ காட்டினால் 18-ல் நிற்பது நியாயமான முடிவு. 26 மட்டும்தான் காட்டுகிறது என்றால், 18.7.2-ல் நிற்பது திறந்த ஜன்னலோடு தூங்குவது. வங்கிக் கணக்கு, யுபிஐ எல்லாம் அந்த போனில்தான் இருக்கிறது.

#7 பொன்வண்டு

சரி, 26.2 போடுவதாகவே வைத்துக்கொள்வோம். சார்ஜ் குறைந்ததா இல்லையா என்று உணர்வை நம்பாமல் எப்படி அளப்பது? "போட்டதும் சூடாகிறது, ஒரே நாளில் இரண்டு முறை சார்ஜ்" என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள்.

#8 தச்சன்

போட்ட முதல் மூன்று நாளை எண்ணவே வேண்டாம். பெரிய அப்டேட் முடிந்ததும் போன் உள்ளுக்குள் தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டுகிறது, போட்டோக்களை மறுபடி அலசுகிறது, ஆப்களைப் புதுப்பிக்கிறது. இதனால் சார்ஜும் சூடும் தற்காலிகமாகப் பாதிக்கப்படும் என்று ஆப்பிளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. 128 ஜிபியில் 90 ஜிபி போட்டோ என்றால் அந்த வேலை நீளும். சீக்கிரம் முடிய வேண்டுமா, இரண்டு இரவு வைஃபையில் சார்ஜ் போட்டு லாக் செய்து வைத்துவிடுங்கள். உறையைக் கழற்றி வையுங்கள், தலையணை அடியில் வேண்டாம்.

அளப்பது இப்படி. அப்டேட்டுக்கு முன்பே ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. ஆட்டோ பிரைட்னஸை அணையுங்கள் (ஆக்சஸிபிலிட்டி → டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அடியில் இருக்கும்). வெளிச்சம் சரி பாதி. வைஃபை மட்டும், மொபைல் டேட்டா வேண்டாம். 100% ஏற்றி, கழற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டு ஆரம்பியுங்கள்.

பலரும் வீடியோ ஓட்டி அளக்கிறார்கள், அது தவறு. முழுத்திரையில் வீடியோ ஓடும்போது திரையில் கண்ணாடியே இல்லை, அதனால் 18-க்கும் 26-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாடி செலவு வைப்பது பட்டைகளுக்கு அடியில் உள்ளடக்கம் நகரும்போதுதான். பின்னால் ஓடுவதை ஒவ்வொரு சட்டகத்திலும் எடுத்து, வளைத்து, மங்கலாக்கிக் காட்டும் வேலை கிராஃபிக்ஸ் பகுதிக்கு. ஆகவே 30 நிமிடம் சஃபாரியிலும் போட்டோஸிலும் ஒரே சீராக மேலும் கீழும் தள்ளுங்கள். எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறியுங்கள். அப்டேட் போட்டு ஐந்தாவது நாள் அதையே மறுபடி செய்யுங்கள். பிறகு ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி போட்டு மூன்றாவது முறை.

79% ஹெல்த் உள்ள 12-ல் ஒரு சதவீதம் என்பது 22 எம்ஏஎச். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அது அளவீட்டுத் தள்ளாட்டம். ஐந்துக்கு மேல் போனால்தான் பேச்சு. அப்படிப் போனால் செட்டிங்ஸ் → பேட்டரியில் எந்த ஆப் பின்னணியில் ஓடியது என்று பாருங்கள். 26-ல் இந்தப் பக்கத்தை நன்றாக மாற்றியிருக்கிறார்கள்: உங்கள் வழக்கமான நாளோடு ஒப்பிட்டு இன்று கூடவா குறைவா, எந்த ஆப்பால் என்று சொல்கிறது. ஆனால் அந்த "வழக்கம்" உருவாக ஒரு வாரமாவது ஆகும், முதல் நாளே பார்த்துப் பதற வேண்டாம்.

#9 கோடங்கி

ஆப் எழுதும் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். "ஓர் ஆப்பில் கீபோர்டு உருண்டையாகப் புதிதாக இருக்கிறது, இன்னொன்றில் பழையது வருகிறது, போன் கெட்டுவிட்டதா" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கெடவில்லை. ஆப் கட்டும் ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோடு 26-ல் மறுபடி கட்டப்பட்ட ஆப்களுக்குத்தான் புதுத் தோற்றம் வரும், கீபோர்டும் சேர்த்து. பழைய கருவியில் கட்டப்பட்ட ஆப் பழைய கீபோர்டையே அழைக்கும். புதிதில் கட்டினாலும் பழைய தோற்றமே இருக்கட்டும் என்று தற்காலிகமாக விலக்கு வாங்க ஒரு வழி உண்டு, பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. 2026 ஏப்ரல் முதல் ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் எல்லாமே புதுக் கருவியில் கட்டப்பட வேண்டும் என்று ஆப்பிள் அறிவித்திருக்கிறது. எல்லா ஆப்களும் புதுத் தோற்றத்துக்கு மாறும் வரை இந்த இரட்டைத் தோற்றம் இருக்கத்தான் செய்யும்.

தமிழ்99, அஞ்சல் என்ற தமிழ்க் கீபோர்டுகள் இரண்டும் 26-ல் அப்படியே இருக்கின்றன. விசை அமைப்பு மாறவில்லை. தட்டினால் தாமதமாக எழுத்து விழுகிறது என்றால் முதலில் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தேறவில்லை என்றால் செட்டிங்ஸ் → ஜெனரல் → டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் → ரீசெட் → ரீசெட் கீபோர்டு டிக்ஷனரி. நீங்கள் பழக்கி வைத்த சொற்கள் போய்விடும், அது தெரிந்தே செய்யுங்கள். மூன்று நான்கு கீபோர்டு சேர்த்து வைத்திருப்பவர்கள் தேவையில்லாததை நீக்குங்கள். உலக உருண்டையைத் தட்டித் தட்டி மாற்றும் நேரமும் மிச்சம்.

#10 மின்மினி

சுக்கான் "ஒரு கால் வடிகட்டி"ன்னு ஒத்தை வரியில தள்ளிட்டார். லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு நாளைக்குப் பத்து கால் வர்றவங்களுக்கு அதுதான் இந்த அப்டேட்டோட பெரிய லாபம். செட்டிங்ஸ் → ஆப்ஸ் → போன் → ஸ்கிரீன் அன்னோன் காலர்ஸ். மூணு தேர்வு: நெவர், ஆஸ்க் ரீசன் ஃபார் காலிங், சைலன்ஸ். நடுவுல இருக்கிறதைப் போட்டா, சேமிக்காத நம்பர்லேர்ந்து வர்ற ஆள்கிட்ட போனே பேரும் காரணமும் கேட்டு எழுத்துல காட்டும். பிடிச்சா எடுக்கலாம்.

#11 சுக்கான்

அது கேட்பது தமிழில் அல்ல, அதைத்தான் சொல்ல வருகிறேன். பார்சல் கொண்டு வருகிற பையன் வாசலில் நின்றுகொண்டு அழைக்கிறான். எதிர்முனையில் ஒரு இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் காரணம் கேட்கிறது. பாதிப் பேர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலிருந்தும், பள்ளிக்கூட வேன் டிரைவரிடமிருந்தும் வரும் அழைப்புக்கும் இதே கதி. இதைப் போடும் முன் பள்ளி, மருத்துவமனை, கேஸ் ஏஜென்சி, வேன் டிரைவர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் எல்லா எண்களையும் கான்டாக்ட்ஸில் சேமியுங்கள். பார்சல் வரவேண்டிய நாளில் நெவர் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் போனில் போடவே வேண்டாம்.

மெசேஜஸிலும் இதே மாதிரி ஒரு வடிகட்டி வந்திருக்கிறது. தெரியாத அனுப்புநரின் செய்திகள் தனி அறைக்குப் போகும். ஓடிபி வரவில்லை என்று வங்கியைத் திட்டும் முன் மெசேஜஸ் மேல் மூலையில் உள்ள ஃபில்டரைத் தட்டி அந்த அறையைப் பாருங்கள்.

#12 மின்மினி

பார்சல் விஷயம் சரிதான், ஒத்துக்கிறேன். எல்லாருக்கும் போடுன்னு சொன்னது தப்பு. விளம்பரக் கால் தொல்லை தாங்காதவங்க மட்டும் போடுங்க.

#13 பொன்வண்டு

கடைசிக் கேள்வி, திரும்பி வருவது. போட்டுப் பார்த்து ஒரு மாதம் கழித்து 18-க்கு வரலாமா? 22 ஜிபி காலி இடம் போதுமா? கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப்.

#14 சுக்கான்

ஒரு மாதம் கழித்து வர முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பைப் போட்டாலும் போன் ஆப்பிள் சர்வரிடம் ஒப்புதல் கேட்கும். புதியது வந்த சில நாளிலோ வாரத்திலோ பழையதற்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிடுவார்கள். கோப்பு உங்கள் கையில் இருந்தாலும் பயனில்லை. ஒப்புதல் இருக்கும் நாளில்கூடத் திரும்புவது என்றால் போன் முழுவதும் அழியும். 26-ல் எடுத்த பேக்அப் 18-ல் ஏறாது. அதனால் பேக்அப் விஷயத்தை அப்டேட்டுக்கு முந்தைய நாளே முடியுங்கள்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஆப்பிள் டிவைசஸ் போடுங்கள். கேபிள் சொருகி, போனில் டிரஸ்ட் கொடுத்து, ஜெனரல் பக்கத்தில் பேக்அப் இந்தக் கணினிக்கு என்பதோடு என்கிரிப்ட் லோக்கல் பேக்அப் என்பதையும் கண்டிப்பாக டிக் செய்யுங்கள். டிக் இல்லாத பேக்அப்பில் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் விவரங்களும் சேராது. அந்த என்கிரிப்ஷன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், மறந்தால் அந்த பேக்அப்பைத் திறக்க வேறு வழி கிடையாது.

முடிந்ததும் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்பிள் → மொபைல்சிங்க் → பேக்அப் போங்கள். நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மேக்கில் ஆர்க்கைவ் என்று ஒரு தேர்வு உண்டு, இங்கே நகல்தான் வழி. நகலெடுக்காமல் விட்டால் அடுத்த முறை கேபிள் சொருகும்போது 26-ன் பேக்அப் அதன்மேலேயே ஏறிவிடும்.

22 ஜிபி பற்றி: போனிலேயே டவுன்லோடு செய்தால் கோப்புக்கும், அதை விரிப்பதற்கும் சேர்த்து இடம் வேண்டும். 22 நெருக்கம். கணினி வழியாகப் போட்டால் டவுன்லோடும் விரிப்பதும் கணினியில் நடக்கும், போனில் அவ்வளவு இடம் கேட்காது. இவ்வளவு நெருக்கமாக இருக்கும் போனுக்கு அதையே சொல்வேன்.

யுபிஐ ஆப்கள் சாதாரண அப்டேட்டில் எதுவும் கேட்காது. போனை அழித்து மீட்டால் மட்டும் மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பி சிம்மைச் சரிபார்க்கும், அந்த சிம் போனுக்குள் இருக்க வேண்டும், வெளியே எஸ்எம்எஸ் அனுப்பும் அளவு பேலன்ஸும் வேண்டும். ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதன் கணக்குகளை முன்கூட்டியே வேறு சாதனத்துக்கு ஏற்றுமதி செய்யுங்கள்.

#15 பொன்வண்டு

நடுவில் நின்றுபோனால்? ஆப்பிள் லோகோவிலேயே நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள்.

#16 தச்சன்

லோகோவுக்குக் கீழே கோடு நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரம் வரை தொடாதீர்கள். அதற்கும் மேல் அசையவில்லை என்றால்தான் இது.

போனைக் கணினியில் சொருகுங்கள். வால்யூம் அப் ஒரு தட்டு, வால்யூம் டவுன் ஒரு தட்டு, பிறகு வலப்பக்கப் பொத்தானை அழுத்தியே பிடியுங்கள். ஆப்பிள் லோகோ வந்தாலும் விடாதீர்கள், அங்கேதான் பலரும் கையை எடுத்துவிடுகிறார்கள். கேபிளும் கணினியும் போட்ட படம் வந்த பிறகு விடுங்கள். கணினியில் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு பொத்தான் வரும். அப்டேட்டைத் தட்டுங்கள். அது உங்கள் தரவை அழிக்காமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி போடும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

டவுன்லோடு 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் தானாகவே அந்தப் படத்திலிருந்து வெளியேறிவிடும். பயப்பட வேண்டாம், டவுன்லோடு முடியட்டும், பிறகு மூன்று பொத்தான் வரிசையை மறுபடி செய்யுங்கள். 4013, 4014, 9 என்ற எண்களில் பிழை வந்தால் பெரும்பாலும் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம்: யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் சொருகுங்கள், கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் போடுங்கள். போனின் சார்ஜிங் ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதே பிழை வரும், மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். வேறு கணினியில் போட்டும் அதே எண் வந்தால் போர்டில் கோளாறு இருக்கலாம், சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பேட்டரி மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை அப்டேட்டுக்கு முன்னால் செய்யுங்கள். மாற்றி வாங்கியதும் கடையிலேயே செட்டிங்ஸ் → ஜெனரல் → அபவுட் போய் பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி பாருங்கள். ஜெனுயின் என்று வந்தால் சரி. அன்னோன் பார்ட் என்று வந்தால் அங்கேயே கேளுங்கள். அதன்பின் இரண்டு நாள் 18-லேயே ஓட்டி அந்த 30 நிமிடக் கணக்கை எழுதிக்கொண்டு, பிறகு 26.2 போடுங்கள்.